மூன்றாம் வீட்டு மணியும் எட்டடிச் சுவரும்: ஒரு காட்டோரத் தெருவின் நிகழ்வு ஆய்வு

எங்கள் தெருவில் 14 வீடுகள். வீடுகளின் பின்சுவரைத் தாண்டினால் ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் புதர், புதர் முடிகிற இடத்தில் காடு. இந்தத் தெருவுக்குள் 40 நாட்களில் சிறுத்தை மூன்று முறை வந்தது. முதல் முறை ஒரு நாயைத் தூக்கிப் போனது. இரண்டாம் முறை இன்னொரு நாய். மூன்றாம் முறை வெறும் வாயோடு திரும்பிப் போனது. மூன்றுமே கேமராவில் இருக்கின்றன. முதல் இரண்டு பதிவுகளையும் ஊரே போனில் அனுப்பி அனுப்பிப் பார்த்தது. மூன்றாவதை யாரும் சீண்டவில்லை, அதில் ஒன்றுமே நடக்கவில்லையே.

அந்த 'ஒன்றுமே நடக்காத' நான்கு நிமிடங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்த வீட்டில் என்ன இருந்தது, எது இல்லை என்று டேப்பை வைத்து அளந்து, கேமரா நேரங்களைக் குறித்துவைத்து, வீட்டுக்காரர்களிடம் உட்கார்ந்து பேசித் தொகுத்தது இது.

முதல் இரவு

மூன்றாம் வீட்டு நாய் மணி. ஆறு வயது, நாட்டு நாய். முன்வாசல் தூணில் பதித்த இரும்பு வளையத்தில் ஆறடிச் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர், தெருவில் எல்லாருக்கும் 'சார்'. "நாய் வளர்க்கிறதே காவலுக்குத்தானே, உள்ளே படுக்க வச்சா எப்படி?" என்பது அவருடைய கணக்கு. அன்றைக்குத் தெருவில் பாதிப் பேருக்கு அதே கணக்குத்தான், என்னையும் சேர்த்து.

எதிர்வீட்டுக் கேமராவில் இரவு 1:48-க்கு மணி எழுந்து நிற்கிறது. இரண்டு காதும் பின்பக்கம் திரும்பியிருக்கின்றன. 1:52-க்குக் குரைக்கத் தொடங்குகிறது. ஆளைப் பார்த்துக் குரைக்கும் குரைப்பு இல்லை அது. இரண்டு முறை குரைக்கிறது, பின்னால் நகர்கிறது, மறுபடி இரண்டு. நகர்ந்து நகர்ந்து சங்கிலி இழுபடும் கடைசிப் புள்ளியில் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. 1:56-க்குப் படத்தின் இடது ஓரத்தில், தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல், இரண்டு வெள்ளைப் புள்ளிகள். முதலில் பார்த்தபோது யாருக்குமே அது தெரியவில்லை. 1:57-க்கு வீட்டுக்குள் விளக்கு எரிகிறது. ஜன்னல் வழியாகச் சாரின் குரல் கேட்கிறது: "சும்மா இருடா." விளக்கு அணைகிறது. தொட்டி மேல் இருந்தது அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

2:08-க்கு இறங்கியது. 12 நிமிடம் உட்கார்ந்து பார்த்ததற்கு அப்புறம் நடந்தது ஆறு வினாடிகூட இல்லை. கழுத்தில் ஒரு கடி, ஓர் இழுப்பு, கழுத்துப்பட்டையின் கொக்கி நிமிர்ந்து விட்டுப்போனது. சங்கிலி தரையில் விழுகிற சத்தம் பதிவில் தெளிவாகக் கேட்கிறது.

காலையில் சார், பட்டை கழன்று நாய் ஓடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தெருவெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். பின்சுவரில் ஒட்டியிருந்த முடியைப் பால் போடும் பையன்தான் காட்டினான். பதிவைப் போட்டபோது 1:57 வரைக்கும் பார்த்தார். "அதுக்கப்புறம் வேண்டாம்ப்பா" என்று எழுந்து போய்விட்டார்.

இந்த இரவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, மணி தன் வேலையைச் சரியாகவே செய்தது. சிறுத்தை தொட்டி மேல் ஏறுவதற்கு நான்கு நிமிடம் முன்பே சொல்லிவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை. இரண்டு, ஓடவோ ஒளியவோ மணிக்கு இடமில்லை. அவிழ்த்துவிட்ட நாய் குறைந்தபட்சம் காருக்கு அடியிலாவது புகுந்திருக்கும். ஆறடிச் சங்கிலி அதையும் விடவில்லை.

இரண்டாம் இரவு

ஒன்பது நாள் கழித்துப் பதினோராம் வீடு. தெருவிலேயே உயரமான சுற்றுச்சுவர் அவர்களுடையது: எட்டடி, மேலே கண்ணாடிச் சில்லு, கேட்டில் இரவெல்லாம் விளக்கு. மணி போன மறுநாள் அந்த வீட்டு அண்ணன் என்னிடம் சொன்னது: "நம்ம வீட்டுக்குள்ள எலிகூட வராது சார்." நாய் லாப்ரடார், கிட்டத்தட்ட 28 கிலோ. சுவருக்குள் அவிழ்த்தே விட்டிருப்பார்கள்.

சிறுத்தை கேட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துக் காலி மனையில் வீடு கட்ட அடுக்கியிருந்த செங்கல் மேல் ஏறியது. அங்கிருந்து சுவர், சுவரிலிருந்து சன்ஷேடு, அப்புறம் தரை. மறுநாள் டேப்பை வைத்துப் பார்த்தேன். செங்கல் அடுக்கு நாலரை அடி. அப்படியானால் அந்த இடத்தில் எட்டடிச் சுவரின் உயரம் மூன்றரை அடிதான். செங்கல் இல்லாமல் இருந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்பது வேறு விஷயம். நின்ற இடத்திலிருந்து சுமார் மூன்று மீட்டர் உயரம் தாவக்கூடிய விலங்கு சிறுத்தை. தன் எடைக்குச் சமமான இரையைக் கவ்விக்கொண்டு மரமேறும். 28 கிலோ நாயோடு சுவர் தாண்டுவது அதற்குப் பெரிய வேலையே இல்லை.

உள்ளே இருந்த நாய்க்குத்தான் அந்தச் சுவர் தடையாக இருந்தது. பதிவில் அது கேட் வரைக்கும் ஓடுகிறது, திரும்புகிறது, மூலைக்கு ஓடுகிறது. வெளியே போக வழியில்லை.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. இதை யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. சத்தம் கேட்டு அந்த அண்ணன் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் ஓடிவந்தார். சிறுத்தைக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஏழெட்டு அடி. அது நாயை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பியிருந்தால் இந்த ஆய்வின் தலைப்பே வேறாக இருந்திருக்கும். நாய் கத்தினால் வெளியே ஓடக் கூடாது. உள்ளே இருந்தபடியே எல்லா விளக்கையும் போடலாம், கதவைத் தட்டலாம், பாத்திரத்தைத் தட்டலாம், காருக்கு ரிமோட் இருந்தால் ஹாரனை அலற விடலாம். சிறுத்தை விட்டுப் போகவும் வாய்ப்புண்டு, போகாமலும் இருக்கலாம். ஆனால் கம்போடு போனவருக்கு நாய் திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

"கூண்டு வையுங்க"

இரண்டாவது சம்பவத்துக்குப் பிறகு தெருவில் கூட்டம் போட்டோம். ஒரே தீர்மானம்: கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுக்குள் தூரமாக விட வேண்டும். நானும் கையெழுத்துப் போட்டேன். வந்து கால்தடம் பார்த்த வனத்துறை ஊழியர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதைப் பிடிச்சா அடுத்தது வராதுன்னு யார் சொன்னா?"

அப்புறம்தான் தேடிப் படித்தேன். மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பகுதியில் 2001 தொடங்கிச் சிறுத்தைகளைப் பெரிய அளவில் பிடித்துச் சராசரியாக 40 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கு முன்பு அங்கே மனிதர்கள் மேல் நடந்த தாக்குதல் ஆண்டுக்குச் சராசரியாக 4. அதற்குப் பிறகு 17. வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் அவருடன் இருந்தவர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கணக்கு இருக்கிறது. தெரியாத இடத்தில் இறக்கிவிட்ட சிறுத்தை பழைய இடம் தேடி அலைகிறது, வழியில் ஊர்கள் குறுக்கே வருகின்றன. காலியான இடத்துக்கு வேறொன்று வருகிறது. மனிதனைத் தாக்கிய விலங்கு என்றால் அது வேறு கதை, அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் வனத்துறையினர்தான். ஆனால் நாயைத் தூக்கியதற்காகக் கூண்டு வைத்தால், நாயை இழந்த தெரு ஆளை இழக்கிற தெருவாக மாறலாம். போட்ட கையெழுத்தை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதற்காகப் பதினோராம் வீட்டு அண்ணன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

ஆடு ஏழு மடங்கு, ஆனாலும் நாய்

சரி, அப்படியானால் அது ஏன் வருகிறது? காட்டில் இரை குறைந்துவிட்டது, காட்டை அழித்துவிட்டோம் என்று எல்லாரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு. அது பல இடங்களில் உண்மைதான். ஆனால் எங்கள் தெருவில் ஏன் மூன்றாம் வீடும் பதினோராம் வீடும், ஏன் மற்ற வீடுகள் இல்லை என்பதற்கு அந்தப் பதில் உதவாது.

இதற்கு எனக்கு வெளிச்சம் தந்தது அதே மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் நடந்த இன்னோர் ஆய்வு. வயல்களும் ஊர்களுமாக இருக்கிற இடம், காடென்று சொல்ல முடியாது. அங்கே திரியும் சிறுத்தைகளின் எச்சத்தைச் சேகரித்து, அதிலிருந்த முடியை வைத்து என்ன தின்றிருக்கின்றன என்று பார்த்தார்கள். தின்றதன் எடையில் 87 சதவீதம் வீட்டு விலங்குகள். நாய் மட்டுமே 39 சதவீதம். பூனை 15. ஆடு 11. இத்தனைக்கும் அந்தப் பகுதியில் நாயைப் போல ஏழு மடங்கு ஆடுகள் இருக்கின்றன.

இந்தக் கணக்கைப் படித்துவிட்டு 'சிறுத்தைக்கு நாய்க்கறிதான் பிடிக்கும்' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டைப் பொழுது சாய்ந்ததும் பட்டியிலோ வீட்டுக்குள்ளோ அடைத்துவிடுகிறார்கள், ஆடு போனால் காசு போகும் என்பதால். நாயை யாரும் அடைப்பதில்லை. ராத்திரி வெளியே கிடப்பது எதுவோ அது போகிறது. எங்கள் தெருவிலும் இதேதான். ஆறாம் வீட்டில் நான்கு ஆடுகள் உண்டு. இரவில் தகரக் கதவு போட்ட கொட்டகையில் அடைத்துவிடுவார்கள். சிறுத்தை வந்த மூன்று இரவிலும் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. ஒரு முறைகூட நிற்கவில்லை.

வேறு விலங்கு, வேறு நாடு என்றாலும் இதே மாதிரி ஒன்றைப் பார்க்கலாம். அமெரிக்க நகரங்களில் கயோட் என்ற ஓநாய் இனத்துச் சிறு விலங்கு குடியிருப்புகளுக்குள்ளேயே வாழ்கிறது. சிகாகோ பகுதியில் அதன் எச்சத்தை ஆராய்ந்தபோது பூனை இருந்தது சுமார் 1.3 சதவீதத்தில்தான், எலி வகைகள்தான் முக்கிய உணவு. லாஸ் ஏஞ்சலஸ் நகரப்பகுதியில் ஆராய்ந்தபோது ஐந்தில் ஓர் எச்சத்தில் பூனை. ஒரே விலங்குதான், ஊருக்கு ஊர் சாப்பாடு மாறுகிறது. ஆகவே 'கயோட் பூனை தின்னுமா', 'சிறுத்தை நாய் தின்னுமா' என்று கேட்பதைவிட, நம் தெருவில் ராத்திரி எது எட்டுகிற இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது உபயோகமாக இருக்கும்.

மூன்றாம் இரவு

ஐந்தாம் வீட்டு அக்கா கூட்டத்துக்கே வரவில்லை. கூட்டம் நடந்த அன்று மாலை, மாடிப்படிக்கு அடியிலிருந்த சாமான் அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். பழைய பேப்பர், ஓட்டை வாளி, உடைந்த சைக்கிள் எல்லாம் வெளியே. மறுநாள் வெல்டிங் பட்டறைத் தம்பி வந்து ஒரு கம்பிவலைக் கதவு பொருத்தினார். அக்காவின் நாய்க்குப் பதின்மூன்று வயது, ஒரு கண் தெரியாது. "இதைத் தூக்கிட்டுப் போறது ரொம்ப சுலபம். அதான்" என்றார்.

மூன்று வாரம் கழித்து, விடியற்காலை 3:20. சிறுத்தை நேராக அந்தக் கதவுக்கு வந்தது. மோப்பம் பிடித்தது. முன்காலால் ஒரு தட்டு. அப்புறம் நகத்தை வலையில் மாட்டி இழுத்தது. கதவு சத்தம் போட்டது, நகரவில்லை. சுற்றிப் போய் மேலே காற்றுக்காக விட்டிருந்த சிறிய ஜன்னலை நிமிர்ந்து பார்த்தது, அதற்கும் வலை. திரும்பி வந்து கதவருகே ஒரு நிமிடம் உட்கார்ந்தது. 3:24-க்கு எழுந்து ஓடைப் பக்கம் போனது. உள்ளே இருந்த நாய் மூச்சுகூட விடவில்லை. காலையில் கதவுச் சட்டத்தின் பெயிண்டில் நான்கு கோடுகள்.

அந்தக் கதவை நான் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். விவரம் முழுவதும் இங்கே சொல்கிறேன், ஏனென்றால் 'பாதுகாப்பான கூடு கட்டுங்கள்' என்று பொதுவாகச் சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

வலை வெல்டு மெஷ் (கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்தது), 3 மில்லிமீட்டர் கம்பி, ஓர் அங்குலக் கண். கண் பெரிதாக இருந்தால் நகமும் விரலும் உள்ளே போகும், அல்லது பயந்த நாயே மூக்கையும் காலையும் வெளியே நீட்டும். இரண்டுமே ஆபத்து. வலையைச் சட்டத்தின் மேல் சும்மா ஒட்டவைக்காமல் ஆங்கிள் சட்டத்துக்கும் ஒரு பட்டைக் கம்பிக்கும் நடுவில் வைத்து இறுக்கியிருந்தார் தம்பி. இழுத்தால் ஓரம் பிய்ந்து வராது. கதவு வெளிப்பக்கம் திறப்பது. ஆகவே வெளியிலிருந்து எவ்வளவு மோதினாலும் சட்டத்தோடு இன்னும் இறுகும். தாழ்ப்பாள் நடுவில் ஒன்று என்றில்லாமல் மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் மட்டும் தாழ் போட்டால் கதவின் கீழ்மூலையைப் பிடித்து இழுக்கும்போது அது வளைந்து இடைவெளி விடும், அந்த இடைவெளியில் கால் நுழையும். கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல்கூடப் போகாது. நாய் படுக்கும் சாக்கு வலையிலிருந்து இரண்டடி தள்ளி, உள்சுவர் ஓரமாக. இது அக்காவின் யோசனை, தம்பியுடையது அல்ல. வலைக்கு ஒட்டிப் படுக்கும் நாயை வெளியிலிருந்தே கீறிவிடலாம் அல்லவா?

கோழி வளர்ப்பவர்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. 'கோழி வலை' என்று விற்கிற அறுகோணக் கண் மெல்லிய கம்பி வலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க அது போதாது. கீரியும் காட்டுப்பூனையும் அதைக் கிழித்தோ இடுக்கு வழியாகவோ நுழைந்துவிடும். அரை அங்குல வெல்டு மெஷ் வேண்டும், கூரையும் மூடியிருக்க வேண்டும். தோண்டி வரும் விலங்குகள் கூட்டின் சுவர் அடியில்தான் தோண்டத் தொடங்கும். வலையை 'எல்' எழுத்து மாதிரி மடக்கி வெளிப்பக்கம் ஒன்றரை அடி தரையோடு விரித்துப் புதைத்துவிட்டால் தோண்டுகிற இடமெல்லாம் கம்பிதான் தட்டுப்படும்.

எது எடுபட்டது, எது எடுபடவில்லை

அக்கா வீட்டுக் கதவைப் பார்த்த பிறகு தெரு மெதுவாக மாறியது. எல்லாரும் கதவு செய்யவில்லை. சிலர் நாயை வரவேற்பறையில் படுக்க வைத்தார்கள், சிலர் குளியலறையில். அதுவும் சரிதான். நாய்க்கு நான்கு சுவர், ஒரு கூரை, மூடின கதவு, இவ்வளவுதான் வேண்டியது.

சிலர் குறுக்கு வழி தேடினார்கள். ஒன்பதாம் வீட்டில் ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு மாட்டினார்கள். முதல் வாரம் சிறுத்தை விளக்கெரிந்ததும் திரும்பிப் போனது. அந்தப் பதிவையும் ஊருக்கெல்லாம் அனுப்பினோம். மூன்றாம் வாரம் அதே விளக்கு வெளிச்சத்தில் நிதானமாக நடந்து போனது. விளக்கே பயனில்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சிலி நாட்டு மலைப்பகுதியில் ஒட்டக இனத்து லாமா, அல்பாக்கா மந்தைகளுக்குச் சீரில்லாமல் மின்னும் விளக்குகளை வைத்து முறையாகச் சோதித்தார்கள். பூமா என்ற பெரிய காட்டுப்பூனை வரவில்லை, ஆனால் அங்கத்திய நரி அதைச் சட்டை செய்யவே இல்லை. ஆக விளக்கு எந்த விலங்கு, எந்த மாதிரி வெளிச்சம், எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது. கதவோடு சேர்த்து வைத்தால் நல்லது. கதவுக்குப் பதிலாக வைத்தால், மூன்றாம் வாரம் வரும். மிளகாய்ப்பொடி, ரேடியோ, பொம்மை ஆள் எல்லாம் ஆளுக்கொன்றாக முயன்றார்கள். நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முள் வைத்த கழுத்துப்பட்டையைச் சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் மரியாதை உண்டு. சிறுத்தை முதலில் பிடிப்பது கழுத்தை. இமாலயத்தில் ஆடு மேய்க்கும் கத்தி (Gaddi) இன மக்கள் தங்கள் நாய்க்கு இரும்புப் பட்டை போடுவதும், துருக்கியில் மேய்ப்பர்கள் நீண்ட முள் வைத்த பட்டை போடுவதும் அதற்காகத்தான், அங்கே ஓநாய். மந்தையோடு வெளியே போகும் நாய்க்கு அது உயிர். எங்கள் தெருவில் இரண்டு பேர் மாலை நடைக்கு மட்டும் போடுகிறார்கள். அந்தி மயங்குகிற நேரத்திலும் விடிகாலையிலும் நடக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. கையில் குட்டையான கயிறு போதும். இழுக்க இழுக்க நீளும் கயிறு இந்த மாதிரி இடத்துக்கு ஆகாது, நாய் 15 அடி முன்னால் புதருக்குள் மூக்கை நுழைத்திருக்கும்போது நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. எதிரே சிறுத்தையைப் பார்த்துவிட்டால் ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது. நாயைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, சத்தமாகப் பேசிக்கொண்டே பின்னால் நகர வேண்டும்.

பெரிய சண்டை குப்பையில்தான் வந்தது. தெருமுனையில் இரவு எல்லா வீட்டுக் குப்பையும் குவியும். அதைச் சுற்றி ஏழெட்டுத் தெருநாய்கள். கேமராக்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது மூன்று இரவிலும் சிறுத்தை வந்த வழி ஒன்றேதான்: ஓடைக் குழாய், குப்பைமேடு, அப்புறம் வீடுகள். அது முதலில் தெருநாய்களைத்தான் தேடி வந்திருக்கிறது, நம் வீட்டு நாய் அதற்கு வழியில் கிடைத்தது. குப்பையைக் காலையில் மட்டும் வெளியே வைப்பது என்று முடிவானது. தெருநாய்க்குச் சோறு வைப்பவர்களிடம் பகலில் வையுங்கள், சாப்பிட்டதும் தட்டை எடுத்துவிடுங்கள் என்றோம். "பசியோட விடச் சொல்றீங்களா?" என்று ஒரு அம்மா அழுதேவிட்டார். பசியோடு விடச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொன்னோம். இப்போது மாலை ஐந்து மணிக்கு வைக்கிறார். வீட்டு நாயின் கிண்ணத்தையும் இரவில் வெளியே விடுவதில்லை.

பூனைக்காரர்கள் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. பூனை அடைந்து கிடக்காது என்றார்கள். அந்த மூன்று இரவுகளுக்குப் பிறகான பதினான்கு மாதத்தில் தெருவுக்கு ஒரே ஓர் இழப்பு, அது பூனை. யார் தூக்கினது என்று கேமராவில்கூட இல்லை. இருட்டுவதற்கு முன் சாப்பாட்டைக் காட்டி உள்ளே கூப்பிட்டு, வந்ததும் கதவை மூடுவது என்று இரண்டு வாரம் விடாமல் செய்தால் பூனையும் பழகுகிறது. இப்போது மூன்று வீட்டில் பழகியிருக்கிறது.

கடிபட்டுத் தப்பிய நாய்

இந்த மூன்று இரவுகளுக்கு ஒரு வருடம் முன்பே எட்டாம் வீட்டு நாய் ஒன்று தப்பி வந்திருந்தது. அப்போது யாரும் சிறுத்தை என்று நம்பவில்லை. கழுத்தில் நான்கு சிறு ஓட்டைகள், ரத்தம்கூட அதிகமில்லை. கழுவி, மருந்து தடவி விட்டார்கள். மூன்றாம் நாள் கழுத்து தலையணை மாதிரி வீங்கியது. கால்நடை மருத்துவர் திறந்து பார்த்தபோது மேலே பென்சில் முனை அளவு துளை, அதற்கு அடியில் தசை உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்து சீழ் பிடித்திருந்தது. பல் உள்ளே போனபிறகு நாயைப் பிடித்து உலுக்கும்போது தோலுக்கு அடியில் கிழிந்துகொண்டே போகும், வெளியே தெரியாது. ஓட்டை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் கடித்த பிறகு மறுபடி போடச் சொல்வார்கள். அந்த நாயைக் கையுறை இல்லாமல் தொட்டவர்கள் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கை கழுவ வேண்டும்; கையில் கீறல் இருந்தால் அவர்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தடுப்பூசி என்றதும் இன்னொன்று. நோய் காட்டிலிருந்து நம் வீட்டுக்கு வருகிறது என்றுதான் நினைக்கிறோம். எதிர்த் திசையிலும் போகும். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிக் காட்டுப் பகுதியில் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள், அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயால் செத்தன. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் இறந்தபோதும் அதே வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. நம் நாய்க்குப் போடுகிற ஊசி ஓடைக்கு அந்தப் பக்கமும் வேலை செய்கிறது.

இப்போது

சிறுத்தை வருவது நிற்கவில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு கேமராவில் வால் தெரிகிறது. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் நாய் வைத்திருக்கும் வீடுகள் இரவு ஏழு மணிக்குள் ஒரே ஒரு வார்த்தை போட வேண்டும்: 'உள்ளே'. யாருடைய வார்த்தை வரவில்லையோ அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்வார். பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஆனால் நாங்கள் செய்ததிலேயே அதிகம் எடுபட்டது இதுதான் என்று நினைக்கிறேன். கதவு இருக்கிற வீடுகளிலும் விருந்தாளி வந்த அன்றும், கரண்ட் போன அன்றும் மறந்துபோகிறார்கள்.

சார் இனிமேல் நாயே வேண்டாம் என்றிருந்தார். போன மாதம் ஓடைக் குழாய்க்குள் கிடந்த ஒரு குட்டியைப் பால் போடும் பையன் அவர் வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டான். தூணிலிருந்த இரும்பு வளையத்தைச் சார் அறுத்து எடுத்துவிட்டார், சிமென்ட்டில் வட்டமாக ஒரு குழி மட்டும் தெரிகிறது. குட்டி அவருடைய கட்டிலுக்கு அடியில் படுக்கிறது.

நேற்று 7:10 ஆகியும் மூன்றாம் வீட்டிலிருந்து 'உள்ளே' வரவில்லை. போன் செய்தேன். குரைப்புச் சத்தம் கேட்டது.

"சார், குட்டி எங்கே?"

"உள்ளேதான் இருக்கு. ரொம்ப நேரமா குரைக்குது. அதான் என்னன்னு ஜன்னல்கிட்ட நின்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டிருக்கேன்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தொட்டி மூடி மேல ஒண்ணும் இல்லப்பா."